பள்ளிக்கரணை பேனர் மரணம், 2019: தண்டனை எங்கே விழுந்தது, எங்கே விழாமல் போனது

எந்த நிகழ்வு

2019 செப்டம்பர் 12, வியாழக்கிழமை பிற்பகல். சென்னை பள்ளிக்கரணையில், பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடி ரேடியல் சாலையில், 23 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சாலையின் நடுத்தடுப்பில் (மீடியனில்) கட்டியிருந்த கல்யாண வரவேற்பு பேனர் ஒன்று அவிழ்ந்து அவர்மேல் விழுந்தது. நிலைதடுமாறிச் சாலையில் விழுந்த அவர்மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்த இளம்பெண் இறந்துபோனார்.

பேனரை வைத்தவர் அப்போதைய ஆளுங்கட்சியைச் சேர்ந்த முன்னாள் கவுன்சிலர். அவருடைய மகனின் திருமணத்துக்கு வரும் கட்சித் தலைவர்களை வரவேற்கத்தான் அந்தச் சாலை நெடுக பேனர்கள். எதற்கும் அனுமதி வாங்கவில்லை.

இதில் சம்பந்தப்பட்ட தனிநபர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. அந்தப் பெண்ணின் குடும்பம் பட்டதெல்லாம் போதும். பேனர் வைத்தவர் ஒருவரைத் திட்டித் தீர்ப்பதாலும் பயன் இல்லை. சாலையில் சட்டவிரோதமாக பேனர் வைத்தால் என்ன தண்டனை என்பது அன்றைக்கே சட்டத்தில் இருந்தது. இருந்தும் அது ஏன் அந்த பேனரைத் தடுக்கவில்லை, எந்த நடவடிக்கை பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

பின்னணி

தமிழ்நாட்டில் தலைவருக்கும் நடிகருக்கும் ஆளுயரத்துக்கு மேல் கட்-அவுட் வைப்பது பழைய வழக்கம். ஆனால் அது ஓவியர் கையால் வரைந்து, சாரம் கட்டி நிறுத்த வேண்டிய வேலை. நாளாகும், பணமும் ஆகும். ஃபிளெக்ஸ் அச்சு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. மாலையில் கடைக்குப் போட்டோ அனுப்பினால் ராத்திரிக்குள் பேனர் கையில். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என எல்லாவற்றுக்கும் பேனர் வந்துவிட்டது. சாலை முனை, நடைபாதை, மீடியன், மின்கம்பம் என்று காலியாகத் தெரிந்த இடமெல்லாம் கட்டினார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. திறந்தவெளிகளை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959-ஆம் ஆண்டிலேயே வந்தது. அன்று அமலில் இருந்த சென்னை மாநகராட்சிச் சட்டத்தின்படி அனுமதியில்லாத பேனருக்கு 1 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டிஜிட்டல் பேனர்களுக்கென்றே 2011-இல் தனி விதிகள் வந்தன. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், காவல்துறையின் தடையில்லாச் சான்று வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அனுமதி எண், எந்தத் தேதி வரை அனுமதி, அச்சடித்தவர் யார் என்பதெல்லாம் பேனரின் அடியிலேயே இருக்க வேண்டும். பள்ளிக்கரணை 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் இந்தச் சட்டமும் விதியும் அன்று அங்கேயும் செல்லுபடியாகின.

நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. 2021-இல் காலமான சமூக ஆர்வலர் டிராஃபிக் ராமசாமி பல ஆண்டுகளாக பேனர்களுக்கு எதிராக வழக்குமேல் வழக்கு போட்டார். சில சமயம் தாமே சாலையில் இறங்கி பேனரைக் கிழித்தார், அடியும் வாங்கினார். 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காகச் சாலையை மறித்து நிறுத்திய அலங்கார வளைவுக்கு அருகே, வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஒரு பொறியாளர் விடியற்காலையில் பைக்கில் போகும்போது இறந்தார். வளைவின் கட்டையில் மோதியதுதான் காரணம் என்று மக்கள் சொன்னார்கள். லாரி மோதியதுதான் காரணம் என்று காவல்துறை சொன்னது. அவரைக் கொன்றது யார் என்ற கேள்வியை இளைஞர்கள் அந்தச் சாலையிலேயே பெயிண்டால் எழுதிவைத்தார்கள். அடுத்த ஆண்டு, 2018 டிசம்பர் 19 அன்று, மறு உத்தரவு வரும்வரை தமிழகம் முழுக்க பேனர் வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

ஆக, 2019 செப்டம்பரில் அந்த மீடியனில் நின்ற பேனருக்கு அனுமதியும் இல்லை, நீதிமன்றத் தடையும் அமலில் இருந்தது. நின்ற இடமும் வாகனங்கள் வேகமாகப் போகும் சாலையின் நடுவே. இதில் எது சட்டப்படி சரி, எது தவறு என்று யாரும் குழம்பியிருக்க வாய்ப்பே இல்லை.

அந்த இடமும் அந்தக் காலமும்

ரேடியல் சாலை கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜி.எஸ்.டி.) சாலையிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போக வர உள்ள முக்கியமான குறுக்குவழி. ஐ.டி. கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் பலர் பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் வீடு திரும்ப இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். சதுப்புநிலத்தை ஒட்டிப் போகும் சாலை. காற்றைத் தடுக்கக் கட்டடமோ மரமோ இல்லாத நீளங்கள் இதில் நிறைய.

2019 கோடையில் சென்னை தண்ணீர் இல்லாமல் தவித்தது. ஏரிகள் வற்றிப்போய், நகரமே தண்ணீர் லாரியை நம்பி வாழ்ந்தது. புறநகர்ச் சாலைகளில் அந்த லாரிகள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் சென்னை மாநகராட்சிக்கு 2022 வரை தேர்தலே நடக்கவில்லை. வார்டில் கேள்வி கேட்கவோ பதில் சொல்லவோ தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இல்லை. முன்னாள் கவுன்சிலர்களின் செல்வாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

பேனர் எப்படிக் கட்டப்படுகிறது

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். விபத்தின் காரணம் பாதி இதில்தான் இருக்கிறது.

சவுக்குக் கம்போ ரீப்பர் கட்டையோ கொண்டு ஒரு மரச்சட்டம் அடிப்பார்கள். அதன்மேல் ஃபிளெக்ஸை இழுத்து ஆணி அடிப்பார்கள். ராத்திரி போக்குவரத்து குறைந்தபின் மினி லாரியில் கொண்டுவந்து, மீடியனில் உள்ள கம்பியிலோ விளக்குக் கம்பத்திலோ கட்டுக்கம்பியாலோ கயிற்றாலோ கட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். மீடியனில் குழி தோண்டிக் கம்பு நட இடம் கிடையாது. அதனால் மொத்த பேனரும் சில முடிச்சுகளை நம்பித்தான் நிற்கிறது. ஃபிளெக்ஸ் காற்றே புகாத பிளாஸ்டிக். காற்று அடித்தால் பாய்மரம் போலப் புடைத்துக்கொண்டு இழுக்கும். விவரம் தெரிந்த ஆட்கள் பேனரில் அங்கங்கே பிளேடால் அரைவட்டமாகக் கீறிவிடுவார்கள், காற்று போகட்டும் என்று. ஆனால் தலைவர் முகத்தில் கீறல் விழுந்தால் பேனர் வைத்தவருக்குக் கோபம் வரும். அதனால் பல பேனர்களில் அதையும் செய்வதில்லை.

மீடியனில் கட்டிய பேனருக்கு இரண்டு பக்கமும் லாரியும் பஸ்ஸும் போகும். ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் ஒரு தள்ளு, ஒரு இழுப்பு. முடிச்சு தளர்வதற்குப் புயல் வேண்டியதில்லை, சாதாரணப் போக்குவரத்தே போதும். விழுந்தால் எங்கே விழும்? நடைபாதையில் வைத்த பேனர் சுவர்மேலாவது சாய வழி உண்டு. மீடியனில் வைத்தது நேராக வலது ஓரத்தில், வேகமாகப் போகும் வண்டிமேல்தான் விழும். அதில் ஸ்கூட்டர் ஓட்டுபவர் சிக்கினால் தப்பிப்பது கடினம். விபத்துக்குப் பின் வெளியான கண்காணிப்பு கேமரா பதிவில் தமிழகமே பார்த்தது அதைத்தான்.

முதல் நாள் எடுத்த நடவடிக்கை

லாரி ஓட்டுநரைக் காவல்துறை உடனே கைது செய்தது. கவனக்குறைவாக மரணம் விளைவித்ததாக, இந்தியத் தண்டனைச் சட்டம் 304-ஏ பிரிவில் வழக்கு. அந்தப் பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. பேனர் வைத்தவர் மேலும் வழக்கு பதிவானது. ஆனால் அவர் கைதாகவில்லை, தலைமறைவானார். பேனரை அச்சடித்த கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. ராத்திரியோடு ராத்திரியாக நகரம் முழுக்க மாநகராட்சி ஊழியர்கள் பேனர்களை அகற்றத் தொடங்கினார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். சாலையில் ஓட்ட உரிமை உள்ள ஒரு லாரியின் ஓட்டுநர் அன்றைக்கே கைது. சாலையில் நிற்கவே உரிமை இல்லாத ஒரு பொருளை வைத்தவர் கைதாக 15 நாள் ஆனது. லாரி ஓட்டுநர்மேல் தவறு உண்டா இல்லையா என்று விசாரணைதான் சொல்ல வேண்டும், அதில் நான் போகவில்லை. ஆனால் கண்முன் திடீரென்று ஒருவர் சாலையில் விழுந்தால் நிறைந்த தண்ணீர் லாரியை எத்தனை அடிக்குள் நிறுத்த முடியும் என்று லாரி ஓட்டிய எவரைக் கேட்டாலும் சொல்வார்.

இப்படி நடந்ததற்குக் காரணம், நம் விசாரணை முறை விபத்தை வண்டிக்கும் ஆளுக்கும் இடையில் நடப்பதாகவே பார்த்துப் பழகியிருக்கிறது. சாலையில் இருந்த தடையை யார் வைத்தார்கள், யார் வைக்க விட்டார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் வருகிறது. கேமரா பதிவு இல்லாமல் போயிருந்தால் இதுவும் வெறும் லாரி விபத்தாகவே பதிவாகியிருக்கும் என்பது என் கணிப்பு. கோவையில் 2017-இல் எழுந்த சர்ச்சையும் இதே கேள்வியைச் சுற்றித்தான்.

உயர் நீதிமன்றம் எடுத்த முடிவு

அடுத்த நாள், செப்டம்பர் 13 அன்று, நீதிபதிகள் சத்தியநாராயணன், சேஷசாயி ஆகியோர் கொண்ட அமர்வு இதைக் கையில் எடுத்தது. சாலைக்குப் பெயிண்ட் அடிக்க அரசுக்கு இன்னும் எத்தனை லிட்டர் ரத்தம் வேண்டும் என்று நீதிமன்றத்திலேயே கேட்டார்கள். பல உத்தரவுகள் போட்டும் அதிகாரிகள் அசையவில்லை என்ற ஆற்றாமை அன்றைய விசாரணை முழுக்கத் தெரிந்தது.

அன்றைய உத்தரவில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, குடும்பத்துக்கு அரசு 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும், அந்தத் தொகையைப் பொறுப்பானவர்களிடமிருந்து, தவறிய அதிகாரிகள் உட்பட, பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும். இரண்டு, பேனரைத் தடுக்கத் தவறிய அதிகாரிகள்மேல் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும், விசாரணையைச் சென்னை காவல் ஆணையர் நேரடியாகக் கண்காணிக்க வேண்டும்.

இழப்பீட்டை அதிகாரி கையிலிருந்து வசூலிக்கலாம் என்றதுதான் இந்த வழக்கு முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. அதுவரை பேனரால் வரும் நஷ்டம் எல்லாம் பொதுமக்கள் தலையில்தான் விழுந்தது. பார்த்தும் பார்க்காமல் போன அதிகாரியின் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அந்தக் கணக்கை மாற்றும் உத்தரவு இது.

முன்னாள் கவுன்சிலர் செப்டம்பர் 27 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிடிபட்டார். இத்தனை நாள் ஏன் ஆனது என்று நீதிமன்றம் கேட்காமல் விடவில்லை. நவம்பரில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது.

5,000 ரூபாய் ஏன் தடுக்கவில்லை

சட்டம் இருந்தது, தடை இருந்தது, அபராதமும் இருந்தது. பிறகு ஏன்?

தொகை போதாது என்பது எல்லோரும் சொல்லும் பதில். அது உண்மைதான். கட்சித் தலைவர்களை அழைத்து மண்டபம் எடுத்துச் செய்யும் கல்யாணத்தில் 5,000 ரூபாய் எந்தக் கணக்கிலும் வராது. சாலை நெடுக வைத்த பேனர்களுக்கு அச்சுக்கூலியும் கட்டுக்கூலியுமே அதைவிடப் பல மடங்கு ஆகியிருக்கும். ஆனால் தொகையை மட்டும் ஏற்றினால் தீராது என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

முதலில், பேனரின் ஆயுளைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி கட்டி, மறுநாள் ராத்திரி கழற்றினால் அதன் வேலை முடிந்தது. நோட்டீஸ் அனுப்பி, பதில் வாங்கி, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தண்டனை வாங்குவதற்குள் மணமக்களுக்குக் குழந்தை பிறந்து அதற்கும் பேனர் வைத்திருப்பார்கள். அதனால் நடைமுறையில் தண்டனை என்பது, ஊழியர்கள் வந்து அகற்றுவது மட்டும்தான். அகற்றும் செலவும் மாநகராட்சியுடையது. வைத்தவருக்கு நஷ்டம் ஒரு ஃபிளெக்ஸ்.

அடுத்தது, பேனர் யாருக்காக வைக்கப்படுகிறது என்பது. சாலையில் போகிற நமக்காக இல்லை. காரில் வரும் தலைவருக்காக. அவர் கண்ணில் படும்படி எத்தனை பேனர், யார் படம் எவ்வளவு பெரிது, யார் பெயர் விட்டுப்போனது என்பதில்தான் அடுத்த தேர்தலின் சீட்டும் மாவட்டப் பொறுப்பும் தொங்குகிறது என்று வைப்பவர் நம்புகிறார். பேனர் வைக்காமல் விட்டால் வரும் நஷ்டம் அவருக்கு அபராதத்தைவிடப் பெரிது. தலைவர் வரும் வழியில் ஒருவர் வைத்து இன்னொருவர் வைக்காமல் விட்டால் வைக்காதவருக்குத்தான் பயம். எல்லோரும் வைக்கிறார்கள் என்பதாலேயே எல்லோரும் வைக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது இதுதான். திருடன் தன் முகத்தை மறைப்பான். மோசடிக்காரன் பெயரை மாற்றுவான். பேனர் வைப்பவர் தன் படம், பெயர், கட்சிப் பதவி, வட்டம், பல நேரங்களில் கைபேசி எண் உட்பட அச்சடித்து, தன் குற்றத்தைத் தானே சாலையில் நிறுத்திவைக்கிறார். சாட்சி தேட வேண்டாம், கைரேகை எடுக்க வேண்டாம். கண்டுபிடிக்க இவ்வளவு எளிதான வேறொரு குற்றம் எனக்குத் தெரிந்து இல்லை. அப்படியும் தண்டனை இல்லை என்றால் கோளாறு சட்டத்திலோ அதைக் கண்டுபிடிப்பதிலோ இல்லை. நடவடிக்கை எடுக்க வேண்டியவர் யார் என்று பாருங்கள். வார்டின் உதவிப் பொறியாளர், ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர். பேனரில் இருப்பது அவர்களை ஒரே போனில் வேறு ஊருக்கு மாற்றக்கூடியவர்களின் படம். அந்த பேனரைக் கழற்றச் சொல்ல அவர்களுக்குச் சட்டம் அதிகாரம் தந்தது, ஆனால் பாதுகாப்பு தரவில்லை. கழற்றினால் வரும் ஆபத்து நிச்சயம். கழற்றாவிட்டால் வரும் ஆபத்து, 2019 செப்டம்பர் 13 வரை, எதுவுமே இல்லை.

பலித்தவை

அந்த வாரத்தில் சாலைகள் திடீரென்று வெறிச்சோடின. பல ஆண்டு உத்தரவுகளால் ஆகாதது சில நாளில் ஆனது. எதனால் என்று பிரித்துப் பார்த்தால், மூன்று இடத்தில் பிடி விழுந்தது தெரிகிறது.

அதிகாரிகள் பயந்தார்கள். இழப்பீடு தன் பையிலிருந்து போகலாம் என்றதும், அதுவரை கண்ணில் படாத பேனரெல்லாம் கண்ணில் பட்டன.

அச்சுக்கடைக்காரர்கள் பயந்தார்கள். ஒரு கடைக்குச் சீல் விழுந்ததும் மற்ற கடைகள் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்க ஆரம்பித்தன. இது நியாயமா என்று சிலர் கேட்டார்கள், ஏனென்றால் அந்தக் கடைகள் பெரும்பாலும் கடன் வாங்கி மெஷின் போட்டவர்களுடையவை. கேள்வி சரிதான். ஆனால் விதி அச்சடித்தவரின் பெயரையும் பேனரில் போடச் சொல்வது இதற்காகத்தான். ஒரு வார்டில் பேனர் வைக்கக்கூடியவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள், அச்சடிக்கும் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மூன்றாவது, தலைவர்கள் வாய் திறந்தார்கள். பேனர் வைத்த நிகழ்ச்சிக்கு வரமாட்டேன் என்று தி.மு.க. தலைவர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். பேனர் வைக்க மாட்டோம் என்று அந்தக் கட்சி நீதிமன்றத்தில் உறுதியும் கொடுத்தது. அ.தி.மு.க.வும் மற்ற கட்சிகளும் தொண்டர்களுக்கு வேண்டுகோள் விட்டன. நடிகர்களும் ரசிகர்களிடம் சொன்னார்கள். யார் கண்ணில் படுவதற்காக பேனர் வைக்கிறார்களோ அவரே வேண்டாம் என்றால் வைப்பவருக்கு லாபம் போய்விடுகிறது. மூன்றிலும் வேகமாக வேலை செய்தது இதுதான் என்பது என் கருத்து. ஆனால் இதற்குச் சட்டத்தின் பிடி கிடையாது. ஊரின் துக்கம் ஆறுகிற வரைதான் இதற்கு ஆயுள்.

அதன்பின்

ஆறியது. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது, வரவேற்பு பேனர் வைக்க அனுமதி கேட்டுத் தமிழக அரசே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விதிகளுக்கு உட்பட்டு வைத்துக்கொள்ள வழி கிடைத்தது. வெளிநாட்டுத் தலைவரை வரவேற்பது வேறு, கல்யாண பேனர் வேறு என்று வாதிடலாம். இருந்தாலும் ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில் அரசே அப்படிக் கேட்டது, கீழே இருப்பவர்களுக்கு என்ன செய்தி சொல்லியிருக்கும்?

நவம்பர் 11 அன்று கோவை அவிநாசி சாலையில், சாலையோரம் நட்டிருந்த கட்சிக் கொடிக்கம்பம் சரிந்ததில், ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இன்னொரு இளம்பெண் கீழே விழுந்தார். லாரி அவர் கால்கள்மேல் ஏறியது. உயிர் பிழைத்தார், ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கரணை நடந்து கிட்டத்தட்ட இரண்டு மாதம். பேனருக்குத்தானே தடை, கொடிக்கம்பத்துக்கு இல்லையே என்று வழி கண்டிருந்தார்கள். 2021 ஆகஸ்டில், ஆட்சி மாறிய பிறகு, விழுப்புரத்தில் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்த ஒரு பள்ளிச் சிறுவன் மின்கம்பி உரசி இறந்தான். அப்போதும் கட்சித் தலைமையிடமிருந்து வேண்டுகோள் வந்தது.

2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டியில் பெரிய விளம்பரப் பலகை அமைக்கும்போது இரும்புச் சாரம் சரிந்து 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன்பிறகு அரசு புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின் பிரிவுகளைச் சுட்டிக்காட்டி எச்சரித்தது. சிறைத்தண்டனைக்கும் 25,000 ரூபாய் வரை அபராதத்துக்கும் அவற்றில் வழி உண்டு. உயிர்ச்சேதம் ஆனால் நிறுவனம், தனிநபர், நில உரிமையாளர் எல்லோரும் பொறுப்பு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய 304-ஏ இருந்த இடத்துக்கு வந்த 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பொது இடங்களில் நட்டுவைத்த நிரந்தரக் கொடிக்கம்பங்களை 12 வாரத்துக்குள் அகற்றச் சொன்னது. தொகையும் கூடியது, சிறைக்காலமும் கூடியது. நாடு முழுவதற்குமான பாரதிய நியாய சன்ஹிதாவை விட்டால், மற்ற ஒவ்வொன்றும் வந்தது யாரோ செத்த பிறகோ, யாரோ வழக்குப் போட்ட பிறகோதான்.

எதை மாற்றியிருந்தால் தடுத்திருக்கலாம்

செப்டம்பர் 12-க்கு முந்தின நாளுக்குப் போய் யோசிக்கலாம். அந்த பேனர் மீடியனுக்கு வருவதற்கு முன் அதை நிறுத்தக்கூடிய இடம் எது?

அச்சுக்கடை. அனுமதி எண் இல்லாத பேனரை அச்சடிக்கக் கூடாது என்பதை விபத்து நடந்த வாரத்தில் மட்டும் பார்க்காமல், கடை உரிமத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் இந்த பேனர் மெஷினுக்கே போயிருக்காது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம்.

அதைத் தாண்டிவிட்டால் அடுத்த இடம் மறுநாள் காலை. அகற்றுவதும் தண்டிப்பதும் ஒரே வேலையாக இருக்க வேண்டும். இப்போது அகற்றுவது ஒருவர், வழக்குப் போடுவது வேறொருவர் என்பதால் இரண்டாவது நடப்பதே இல்லை. போக்குவரத்துக் காவலர் ஹெல்மெட் இல்லாதவருக்கு அந்த இடத்திலேயே சலான் போடுகிறார். அதே மாதிரி பேனரைக் கழற்றும் ஊழியர் போட்டோ எடுத்து, அடியில் உள்ள பெயருக்கு, ஒரு பேனருக்கு இவ்வளவு, கழற்றிய கூலி இவ்வளவு என்று அங்கேயே ரசீது கிழிக்கட்டும். கட்டாவிட்டால் சொத்து வரியோடு சேர்த்துவிடலாம். சாலை நெடுக வைத்த அத்தனை பேனருக்கும் தனித்தனியாகப் போட்டால் அப்புறம் 5,000-மே பெரிய தொகைதான். சிறைத்தண்டனையை ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல் என்று நினைக்கிறேன். கடுமையான தண்டனையைப் போட அதிகாரி தயங்குவார், சின்ன ரசீதைப் போடத் தயங்கமாட்டார்.

அதிகாரிக்குக் காப்பும் வேண்டும். பேனரை அகற்றியதால் இடமாற்றம் வந்தால் அதற்கு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்ற ஒரு விதி இருந்திருந்தால், அந்த வார்டு உதவிப் பொறியாளர் அன்று காலை வேறு முடிவு எடுத்திருக்கலாம். பொறுப்பை மட்டும் தலையில் வைத்துவிட்டுப் பாதுகாப்பைத் தராமல் போனால் அடுத்த விபத்துக்குப் பலியாடு கிடைக்கும், பேனர் அங்கேயேதான் இருக்கும்.

விதியில் உள்ள வார்த்தையும் அகலமாக வேண்டும். பேனர், தட்டி, வளைவு, கொடிக்கம்பம், சீரியல் பல்பு கட்டிய மூங்கில் என்று ஒவ்வொன்றாகத் தடை செய்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் உயிர் போகும். அனுமதியில்லாமல் சாலை எல்லைக்குள் நிறுத்தும் எந்தப் பொருளும் என்று ஒரே வரியில் எழுதினால் போதும்.

குடும்பத்துக்கான இழப்பீடு நீதிமன்றத்தின் கருணையை நம்பி இருக்கக் கூடாது. பள்ளிக்கரணையில் கேமரா இருந்தது, ஊரே பார்த்தது, நீதிபதிகள் மறுநாளே கையில் எடுத்தார்கள். கேமரா இல்லாத ஒரு கிராமச் சாலையில் இதே நடந்தால், பேனரை வைத்த ஆட்களே ஆம்புலன்ஸ் வருவதற்குள் அதைக் கழற்றி எடுத்துப்போய்விட முடியும். விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் மகஜரில் சாலை எல்லைக்குள் இருந்த தடைகள் என்ன, அவற்றுக்கு அனுமதி உண்டா என்ற கட்டாயமான ஒரு பத்தி இருந்தால், காப்பீட்டு வழக்கிலும் இழப்பீட்டு வழக்கிலும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பிடி கிடைக்கும்.

படிப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருவிலோ வேலைக்குப் போகும் வழியிலோ மீடியனில் பேனர் பார்த்தால், வண்டியை ஓரமாக நிறுத்தி, பேனரின் அடிப்பகுதி நன்றாகத் தெரியும்படி ஒரு படமும், அது நிற்கும் இடம் தெரியும்படி இன்னொரு படமும் எடுங்கள். அடியில் அனுமதி எண்ணும் தேதியும் இல்லை என்றால் அந்தப் படமே ஆதாரம். சென்னையில் 1913 எண்ணுக்குப் புகார் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் நகராட்சி ஆணையருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள். தனக்குத் தெரியாது என்று எந்த அதிகாரியும் பிறகு சொல்ல முடியாதபடி செய்வது அந்தப் புகார் எண்தான்.